கறுப்பு நூல்

பகலிலும் இருளைத் தன்னுள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. அம்மா வீட்டுச் சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற அந்தத் தகரக் கூரை ஷெட் அவற்றுள் ஒன்று. கதவை எவ்வளவு அகலத் திறந்தாலும், அழையாத விருந்தாளியைப் போல வெளிச்சம் வாசலிலேயே தயங்கி நிற்கும்.

முந்தின நாள் அந்தியில், அங்கே நின்ற, பேட்டரியே இல்லாத காரின் பார்க்கிங் விளக்கு ஒன்று தானாக ஒளிரக் கண்டு, இளையவன் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரை நழுவவிட்டிருந்தான். அதன் சில்லுகள் இன்னும் படியோரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. மூத்தவள் அவற்றைக் காலணி நுனியால் ஒதுக்கிவிட்டுக் கருவிப் பையைத் தரையில் இறக்கினாள்.

கார் தன் நீண்ட மூக்கைக் கதவுப் பக்கம் நீட்டியபடி நின்றது. வட்ட விளக்குகள் இரண்டும் தூசி படிந்து, பார்வை மங்கிய கண்களைப் போலிருந்தன. அப்பா வாங்கியபோதே அது பழைய வண்டி. அதன் வயர்களை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்துச் சீர்செய்து, மீண்டும் கட்டிப் பொருத்திக்கொண்டிருந்தார். வேலை முடிய ஒரு முழ நீளம் இருக்கையில் வயர்களைச் சேர்த்துக் கட்டும் மெழுகு நூல் தீர்ந்தது. "வெள்ளை இல்லேன்னா கறுப்பாவது வாங்கிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இறங்கியவர் திரும்பவில்லை. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. தேடாத மருத்துவமனை இல்லை, கேட்காத காவல் நிலையம் இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் சான்றில்லை. இல்லை என்று அழவும் வழியில்லை. ஷெட்டுக்கும் சமையலறைப் பின்கதவுக்குமான இரண்டாம் சாவிக்கொத்து அவர் சட்டைப்பையோடு போய்விட்டது.

அம்மா மட்டும் அந்த வீட்டில் தனியே இருந்தாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எதேச்சையாகக் கூப்பிட்டுப் பார்த்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் அங்கேயே கிடந்திருப்பாள். தன்னோடு அழைத்துப் போக இளையவன் வந்திருந்தான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்த வீட்ட விட்டுக் கிளம்பணும்னா அந்த வண்டியிலதான் கிளம்புவேன். அது நகராத வரைக்கும் நானும் நகரமாட்டேன்."

வண்டியை நகர்த்துவது மூத்தவளின் பொறுப்பாயிற்று. வயரிங் வேலைதான் அவள் பிழைப்பு. பட்டறைத் தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடுமாக்கா?"

இளையவன் வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டான். சின்ன வயதிலிருந்தே கையைக் கட்டிக்கொண்டு நின்று உத்தரவு போடுகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்குக் கலெக்டர் என்று பெயர்.

"வாங்க கலெக்டர். உள்ள வந்து உத்தரவு போடலாமே? வாசல்லயே ஏன் நிக்கறீங்க?"

"நக்கல் பண்ணாத. ராத்திரி கண்ண மூடவே இல்ல. பேட்டரி இல்லாம விளக்கு எரியுது. நீ என்னடான்னா சிரிக்கறே."

"ஏன்டா, ஆவி வந்தா பார்க்கிங் விளக்கையா போடும்? போடறதுதான் போடுது, ஹெட்லைட்டையே போடலாமே. அங்கயும் சிக்கனமா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் உள்ளுக்குள் சிரித்தாளில்லை. நேற்று அந்த விளக்கை அவளும் பார்த்தாள். சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு போன்ற, அவசரமில்லாத ஒளி அது.

"இந்த முனையப் பிடி. நான் சொல்றப்ப தொடு. சொல்லாதப்ப தொடாத" என்று மின்சோதனை மீட்டரின் நீண்ட கம்பியை அவன் கையில் திணித்தாள்.

*

பழைய வண்டியின் வயர்க்கட்டைப் பிரிப்பவர்கள் முதலில் கை வைப்பது கத்தியில் அல்ல, பேனாவில். எந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டாமல் ஒன்றைக்கூடக் கழற்றக்கூடாது. கழற்றிய பின் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் குழப்பத்திலிருந்து தெய்வமே நினைத்தாலும் மீட்க முடியாது.

அவள் பானட்டைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டினாள். வயர்களெல்லாம் பருத்தி நூல் பின்னிய பழைய ரகம். சிவப்பும் பச்சையும் நீலமும் வெயிலிலும் எண்ணெயிலும் ஊறித் தேநீர்க் கறை போல ஒரே நிறமாகிக் கிடந்தன. ரப்பர் உறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால் போதும். வெளிச்சம் தொடாத அந்த விரற்கடை இடத்தில் நிறம் உயிரோடு ஒளிந்திருக்கும். ஒளிந்திருப்பவை அழிவதில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"பின் விளக்கு வயர். தொடு."

மீட்டர் கீச்சென்று ஒலித்தது. முனையும் முனையும் பேசிக்கொள்கின்றன. நடுவில் அறுபடவில்லை என்று பொருள்.

"சரி. விடு. அடுத்தது முன்பக்கம், இடது பார்க்கிங் விளக்கு. பல்பக் கழட்டிட்டேன். தொடு."

கீச்சென்றது.

"விடு."

ஒலி நிற்கவில்லை.

"விடுறா!"

"நான் இன்னும் தொடவே இல்லக்கா."

அவன் குரல் காரின் முன்னாலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வந்தது. தலையை நீட்டிப் பார்த்தாள். கம்பியைத் தரையில் போட்டுவிட்டு வெயிலில் நின்றிருந்தான்.

மீட்டர் மட்டும் அவள் மார்பின்மீது கிடந்து, யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல இடைவிடாமல் கீச்சிட்டது.

அவள் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, தொழில் கற்றுக்கொடுத்த நிதானம் பயத்தைத் தோளில் தட்டி நகர்த்தியது. தொடாத முனை பேசுகிறதென்றால், அந்த வயருக்கு வேறெங்கோ இன்னொரு முனை இருக்கிறது. அவ்வளவுதான்.

"உள்ள வாடா, பயந்தாங்கொள்ளி. உன் ஆவியோட வாலப் பிடிச்சிட்டேன்."

*

நண்பகலுக்குள் அந்த வாலை முழுவதும் இழுத்துவிட்டாள்.

இடது விளக்குக்குப் பின்னால், பருத்தி வயர்களின் நடுவே பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய வயர் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. வண்டி பிறந்தபோது அதனோடு பிறந்ததல்ல. இடையிடையே வெள்ளை நூலால் கட்டியிருந்தது. கட்டோடு கட்டாக வந்து, தரைத்தகட்டின் ஓட்டை வழியாக இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, பழைய டயர்களின் பின்னே வைத்திருந்த ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியைத் தொட்டது. அங்கிருந்து சுவரைத் துளைத்துச் சமையலறைக்குள் போயிற்று.

அந்த வெள்ளை முடிச்சுகளை அவள் விரல்நுனியால் தடவினாள். ஒவ்வொன்றும் இடப்புறம் சாய்ந்திருந்தது.

யார் கட்டியது என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. அந்தக் காலத்தில் பட்டறைகளுக்கான வயர்க்கட்டுகளை அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே கட்டித் தருவார்கள். இரண்டு முக்காலிகளின்மீது ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அம்மா. அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்தே பழகியதால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல அம்மாவின் முடிச்சு எதிர்ப்பக்கம் சாயும். அவருடையது வலம், அவளுடையது இடம். அவர் ஒரு முனையிலிருந்து தொடங்குவார், அவள் மறுமுனையிலிருந்து. நடுவில் எங்கோ இரண்டு முடிச்சுகள் அருகருகே வந்து உட்காரும். அத்தோடு அன்றைய வேலை முடிந்தது.

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அம்மா துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் வழக்கமான துதி ஓடிக்கொண்டிருந்தது.

"ஷெட்லேருந்து வர்ற வயருக்கு, அந்த டப்பாங்களுக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்குமேம்மா?"

துதி நின்றது. துணி மடிப்பது நிற்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா? உன் தம்பி கண்டுபிடிச்சிடுவான்னு நெனச்சேன். அவன் தம்ளர உடைச்சதோட சரி."

"அந்தப் பேட்டரிக்கு யாரு சார்ஜ் போடறா?"

"மிக்ஸி பிளக்குதான். மிக்ஸி ஓடாத நேரத்துல."

மூத்தவள் மிக்ஸியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பே. அவர் மாத்திரை எழுதியிருப்பார்." அம்மா பையின் ஜிப்பை இழுத்தாள். "தெருவப் பாரு. எல்லாம் மாறிப்போச்சு. ஓட்டு வீடெல்லாம் மாடி வீடாயிடுச்சு. இருட்டுல வர்றவருக்கு நம்ம வீடு எதுன்னு தெரிய வேண்டாமா? அந்த வண்டி ஒண்ணுதான் மாறல. கதவு இடுக்கு வழியா அந்த விளக்கு தெருவுக்குத் தெரியும். அந்தியில போடுவேன், விடிஞ்சதும் அணைப்பேன்."

"சரிம்மா. நீங்க எதுவும் தப்புப் பண்ணல. இன்னிக்கு மட்டும் அந்த சுவிட்சப் போட வேண்டாம். நான் வயர்ல கைய வச்சுட்டிருப்பேன்."

"போடல. இன்னிக்குத்தான் நாங்க கிளம்பறோமே." அம்மா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. விளக்கு நான்தான். ஹாரன் நான் இல்ல."

"என்ன ஹாரன்?"

"போன வாரம். விடியறதுக்கு முன்னாடி. ரெண்டு சின்னதா, ஒண்ணு நீளமா."

குறில் இரண்டு, நெடில் ஒன்று. தெரு முனை திரும்பும்போதே அப்பா அப்படித்தான் அடிப்பார். அந்த ஒலி கேட்டதும் அம்மா வாசற்கதவைத் திறப்பாள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பார்கள்.

"ஸ்டீயரிங் குழாய்க்குள்ள வயர் தேஞ்சுபோனா ஹாரன் தானா அடிக்கும்மா. பழைய வண்டியில சகஜம்."

"தானா அடிச்சா ஒரே மூச்சால்ல அடிக்கும்? எண்ணி எண்ணியா அடிக்கும்?"

மூத்தவள் மனதுக்குள் வயர்களை ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு வழியே இல்லை. மின்சாரம் இல்லாத ஹாரன் அடிக்காது. அம்மா கனவு கண்டிருக்கிறாள், வேறென்ன?

"தையல்காரர்கூடக் கேட்டார். 'விடியக்காலையில யாரு வந்தா'ன்னு" என்றாள் அம்மா, மடித்த துணியைத் தடவிக்கொண்டே.

*

பழுது, எஞ்சினையும் டாஷ்போர்டையும் பிரிக்கும் தகட்டில் இருந்தது. வயர்க்கட்டு நுழையும் துளையின் ரப்பர் வளையம் பொடியாய் உதிர்ந்துபோயிருந்தது. தகட்டின் விளிம்பு பருத்தியைக் கடித்து, எலி பாக்கியைக் கடித்து, உள்ளே செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. அவள் பச்சை படிந்த பகுதியை வெட்டி எறிந்து, செம்பு பளிச்சென்று தெரியும்வரை பின்னுக்குச் சீவினாள். அதே கனமுள்ள வயர்த்துண்டை வைத்து ஒவ்வொன்றாகச் சோல்டர் போட்டு, உறை மாட்டி, புது ரப்பர் வளையம் பொருத்தினாள். அப்பா விட்டுச்சென்ற ஒரு முழ நீளத்தைத் தான் கொண்டுவந்த வெள்ளை நூலால் கட்டி முடித்தாள். அந்த இடத்தில் மட்டும் விரல்கள் ஏனோ மெதுவாக இயங்கின.

நடுவில் வலது இண்டிகேட்டர் வயரில் யாரோ எந்தக் காலத்திலோ போட்டிருந்த ஒரு மட்டமான ஒட்டு, டேப்புக்குள்ளே சுருட்டி மறைத்திருந்தது கண்ணில் பட்டது.

"பாவி. ஒட்டுப் போடு, வேண்டாங்கல. போட்டத மறைக்காத. அடுத்து கைய வைக்கறவன் செத்தான்" என்று முகம் தெரியாத அந்த மனிதரைத் திட்டினாள். அவள் கடையில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. ஒட்டு இருந்தால் வண்டிக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் டேப் சுற்ற வேண்டும்.

வெயில் சாய்கையில் பெரிய பேட்டரியை வைத்து இணைத்தாள்.

ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. பார்க்கிங் விளக்குகள் இரண்டும் எரிந்தன. இண்டிகேட்டர்கள் கண் சிமிட்டின. டாஷ்போர்டின் வட்ட முகங்களில் மஞ்சள் ஒளி படர்ந்தது. இளையவன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, எஞ்சின் இருமிற்று, தும்மிற்று, பிறகு நெடுநாள் உறக்கத்திலிருந்து எழுந்தவரின் கரகரத்த குரலில் பேசத் தொடங்கிற்று.

"அக்கா! உன் கைக்குத் தங்க மோதிரம்தான் போடணும்!"

"போடு, யாரு வேண்டாங்கறா? இப்ப எல்லாத்தையும் அணை. கடைசியா ஒரு தடவ பாத்துடறேன்."

அம்மா வாசற்கதவைப் பூட்டினாள். சமையலறைப் பின்கதவைப் பூட்டினாள். இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து காரின் பின் இருக்கையில் ஏறினாள்.

"முன்னாடி வாங்கம்மா, நல்லா காத்து வரும்."

"அவர் ஓட்டினாத்தான் முன்னாடி. நீ ஓட்டறதுக்குப் பின்னாடியே போதும்."

"சரி, சரி. ஹாரன் அடிச்சுப் பாக்கறேன்" என்று இளையவன் ஸ்டீயரிங்கின் நடுவே அழுத்தினான்.

ஓசையில்லை.

மீண்டும் அழுத்தினான். எல்லாம் விழித்துக்கொண்ட அந்த வண்டியில் ஹாரன் மட்டும் ஊமையாயிருந்தது.

"விடுக்கா, ஹாரன் இல்லாம போயிக்கலாம். கை நீட்டிக் கத்திக்கறேன்."

"என் கையால வேலை செஞ்ச வண்டி ஹாரன் இல்லாம ரோட்டுல எறங்காது. நீ இரு."

அவள் முன்பக்கம் போய்க் குனிந்து, டார்ச்சைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு, இடது விளக்குக்கு அருகே, காலையில் கை வைக்காத மறைவில் இருந்த ஹாரனின் வயரைத் தேடினாள்.

ஹாரனுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பழைய வயர் வெட்டியிருந்தது. எலி கடித்ததன்று, தேய்ந்ததன்று. கூர்மையான கருவியால், நேராக, ஒரே வெட்டு. வெட்டிய முனை எதிலும் படாதபடி மடக்கி உறை மாட்டியிருந்தது. தொழில் தெரிந்த கை.

ஹாரனிலிருந்து புதிய துண்டு ஒன்று கிளம்பி, அரைச் சாண் தூரம் வந்து, அம்மாவின் விளக்கு வயரில் சேர்ந்திருந்தது.

சேர்ந்த இடம் நூலால் கட்டியிருந்தது. கறுப்பு நூல்.

அவள் டார்ச்சைக் கையில் எடுத்தாள். அம்மாவின் கடைசி வெள்ளை முடிச்சு இடம் சாய்ந்திருந்தது. அதை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்த கறுப்பு முடிச்சு வலம் சாய்ந்திருந்தது. இரண்டு கைகள் இரு முனைகளிலிருந்து கட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்ததைப் போல.

வெள்ளை நூலின் மெழுகு காய்ந்து பொடிந்திருந்தது. கறுப்பு நூலைத் தொட்டாள். பிசுபிசுப்பு விரலில் ஒட்டியது. மெழுகின்மேல் ஒரு கட்டைவிரலின் ரேகை, நேற்று வைத்ததுபோல் தெளிவாயிருந்தது.

"என்னக்கா? ஏன் அப்படியே நிக்கறே?"

இளையவன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். முடிச்சின் சாய்வு அவனுக்கும் தெரியும். அந்தப் பலகைக்கு அடியில் படுத்துத் தூங்கியே வளர்ந்தவன் அவனும்தான். ஷெட் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஷெட் பூட்டு உடையல" என்றான் காற்றைப் போன்ற குரலில்.

"உடையல."

"டேப் சுத்து."

"என்னடா சொல்றே?"

"டேப் சுத்துக்கா. கெஞ்சிக் கேக்கறேன். அம்மா பாத்தா ஜென்மத்துக்கும் இங்கேருந்து நகரமாட்டாங்க. மறுபடியும் விழுந்தாங்கன்னா யாரு தூக்கறது? யாரோ விளையாடியிருக்கான். யாரோ. நீ டேப்பச் சுத்து, நான் வண்டிய எடுக்கறேன்."

அவன் திரும்பி நடந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நேரே பார்த்தான்.

டேப் அவள் கையில்தான் இருந்தது. இரண்டு சுற்று. அம்மா பத்திரமாக இருப்பாள். வேளைக்குச் சோறு, பக்கத்தில் பேரப்பிள்ளைகள், வழுக்காத குளியலறை. இரண்டே சுற்று. டேப்பின் நுனியைப் பிரித்து அந்தக் கறுப்பு முடிச்சின்மேல் ஒட்டினாள்.

கை அதற்கு மேல் போகவில்லை.

சற்றுமுன் அவள் திட்டிய அந்த முகம் தெரியாத பாவி இப்படித்தான் ஒரு மாலை வேளையில், அவசரத்தில், நல்ல எண்ணத்தோடு நின்றிருப்பான்.

டேப்பை உரித்து எறிந்தாள்.

"அம்மா. கொஞ்சம் எறங்கி வாங்க. ஒண்ணு காட்டணும்."

"அக்கா!" என்று உள்ளிருந்து பல்லைக் கடித்தான் இளையவன்.

அம்மா மெல்ல இறங்கி, காரின் விளிம்பைப் பற்றிக்கொண்டே முன்பக்கம் வந்தாள். மகள் காட்டிய இடத்தில் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கறுப்பு முடிச்சை விரலால் அழுத்தி, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வியப்போ அச்சமோ அவள் முகத்தில் இல்லை. கடைக்குப் போனவர் ஏன் இவ்வளவு நேரம் என்று முகம் சுளித்திருந்த ஒருத்தி, சுளிப்பைத் தளர்த்துவது போலிருந்தது.

"நூல் கிடைச்சிடுச்சு போல" என்றாள்.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"இது எப்படி அடிக்கும்? சொல்லு, எனக்குப் புரியற மாதிரி."

"உங்க வயர்லதாம்மா சேத்திருக்கு. நீங்க விளக்குப் போட்டிருக்கறப்ப ஸ்டீயரிங்க அழுத்தினாத்தான் இந்த ஹாரன் அடிக்கும். விளக்கு அணைஞ்சிருந்தா அடிக்காது."

"அதான பாத்தேன்" என்று அம்மா தலையசைத்தாள். "விளக்கப் பாத்துட்டேன்னு சொல்லியிருக்கார்."

தெருவில் யாரோ மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. தகரக் கூரையின் இடுக்குகளில் செவ்வொளி சாம்பலாயிற்று. ஷெட்டுக்குள் சேர்த்து வைத்திருந்த இருள் மூலைகளிலிருந்து எழுந்து, ஒவ்வொரு பொருளாகத் தன்வசம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது.

"ஏறுங்கம்மா, இருட்டுது. போற வழியில பேசிக்கலாம்" என்றான் இளையவன்.

அப்போது வண்டிக்கு முன்னால் நின்ற இருவரின் முகத்திலும் மெல்லிய மஞ்சள் ஒளி விழுந்தது.

இடது பார்க்கிங் விளக்கு எரிந்தது.

மூத்தவள் சட்டென்று தம்பியின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் ஸ்டீயரிங்கின்மேல் இருந்தன. டாஷ்போர்டு சுவிட்சைப் போட்டிருந்தால் இரு பக்கமும் எரிந்திருக்கும். வலப்பக்க விளக்கு இருண்டே கிடந்தது. எரிந்தது அம்மாவின் விளக்கு மட்டும். சமையலறையில், டப்பாக்களின் பின்னே இருக்கும் அந்தச் சுவிட்சைப் போட்டால் மட்டுமே எரிகிற விளக்கு.

சமையலறை பூட்டியிருந்தது. சாவி அம்மாவின் பையில் இருந்தது. அம்மா இங்கே, அவள் கையைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு டப்பாவை அதன் இடத்தில் திரும்ப வைக்கும் மெல்லிய ஓசை கேட்டது.

மூத்தவள் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

அம்மா மகளின் கையை விட்டாள். முகத்தைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். காரைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவர் போனதிலிருந்து தான் திறவாத முன்பக்கக் கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் சிலையாய் உறைந்திருந்த மகனிடம் திரும்பினாள்.

"எழுந்து பின்னாடி போடா. அது அப்பா சீட்டு."